சிலையில் இடம் கிடைக்காத கவுன்சிலரம்மா



2011 நவம்பர் மாதம். லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு டாக்டரை ராத்திரியோடு ராத்திரியாகத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆமாங்க, டாக்டரைத்தான். வெண்கல டாக்டர்.

பழைய இரும்பு, பித்தளைக்கு எடை போட்டு விற்பதற்காக அறுத்து எடுத்துப் போயிருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நம்மூரில் மோட்டார் காயில், கேபிள் செம்பு திருடுகிற மாதிரிதான். எதிரே மதில் சுவரில் சாய்ந்தபடி அவரைப் பார்த்துச் சிரிக்கும் சின்னப்பெண் சிலையும், சுவர் மேல் படுத்திருக்கும் பூனையும் தப்பித்தன. அதுகளையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, கழற்றிப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டார்கள்.

1991-ல் டயான் கார்வின் என்ற சிற்பி செய்த சிலைகள் அவை. பெயர் "டாக்டர் சால்ட்டரின் பகல் கனவு". வயதான டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து, எப்போதோ இறந்துபோன தன் மகளை நினைத்துப் பார்க்கிறார். அவ்வளவுதான் காட்சி.

அப்பா இருக்கார், மகள் இருக்கா, பூனைகூட இருக்கு. அம்மா எங்கே?

இந்தப் பதிவு அந்த அம்மாவைப் பற்றியது. எடா சால்ட்டர். பெர்மண்ட்சி பகுதியின் முதல் பெண் கவுன்சிலர். லண்டனின் முதல் பெண் மேயர். பிரிட்டன் முழுமைக்கும் லேபர் கட்சியின் முதல் பெண் மேயர். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பெர்மண்ட்சி என்ற ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டன் டவர் பிரிட்ஜ் தெரியும்தானே? சினிமாவில் நடுவில் பிளந்து மேலே தூக்கும் பாலம். அதற்குத் தென்கரையில், கிழக்குப் பக்கமாக இருக்கும் பகுதி. நூறு வருடம் முன்னால் அங்கே தோல் பதனிடும் தொட்டிகள், ஜாம் கம்பெனிகள், வினிகர் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி, கப்பல் துறை, கிடங்குகள். ஒரு தெருவில் போனால் தோல் நாற்றம், அடுத்த தெருவில் ஸ்ட்ராபெரி கொதிக்கும் வாசனை, அதற்கடுத்து பிஸ்கட். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வேலை பார்த்த சொந்தங்களுக்கு இதில் பாதி நான் சொல்லாமலே புரியும். சுமார் 1.3 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். ஒரு அறைக்குள் ஒரு குடும்பம். பல வீடுகளுக்குச் சேர்த்து வாசலில் ஒரே குழாய், ஒரே கக்கூஸ்.

துறைமுகத்தில் தினக்கூலி. காலையில் வாசலில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி கை காட்டினால் அன்றைக்குச் சோறு.

இந்த ஊருக்கு 1897-ல் வந்து சேர்ந்தார் எடா பிரவுன். நார்த்தாம்ப்டன்ஷயரில் ராண்ட்ஸ் என்ற சிற்றூர்க்காரர். 1866-ல் பிறந்தவர். வசதியான, பக்தியான மெத்தடிஸ்ட் குடும்பம். முப்பது வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி லண்டன் சேரிகளில் சேவை செய்ய வந்தார். பெர்மண்ட்சி செட்டில்மென்ட் என்றொரு அமைப்பு. படித்தவர்கள் ஏழைகள் நடுவே போய்த் தங்கி வேலை பார்ப்பது அதன் ஏற்பாடு. அங்கே ஃபேக்டரிப் பெண்களுக்கான கிளப்பைப் பார்த்துக்கொண்டார். ஊரே "அடங்காப்பிடாரிகள்" என்று ஒதுக்கிய பிள்ளைகளைத்தான் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருடம் அதே இடத்துக்கு ஒரு இளம் டாக்டர் வருகிறார். ஆல்ஃபிரட் சால்ட்டர். கைஸ் ஹாஸ்பிட்டல் மாணவர். தங்கப்பதக்கங்கள் வாங்கியவர். பாக்டீரியாலஜி ஆராய்ச்சியில் நல்ல இடத்தில் இருந்தவர். இன்றைய கணக்கில் சொன்னால், மேற்படிப்பில் முதல் ரேங்க் எடுத்து, பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் வேலையும் கிடைத்துவிட்ட பையன். பேராசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், "உன் எதிர்காலத்தை நீயே கெடுத்துக்கொள்கிறாய்" என்று.

1900-ல் இருவருக்கும் கல்யாணம். எடா அவரைவிட ஏழு வயது மூத்தவர். ஜமைக்கா ரோட்டில் கிளினிக் திறந்தார்கள். ஃபீஸ் ஆறு பென்னி. இல்லாதவரிடம் அதுவும் இல்லை. கொஞ்ச நாளில் கிளினிக் வாசலில் கூட்டம் தெருவரை நின்றது. தன்னைப் போலவே நினைக்கும் டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டாக நடத்த வேண்டி வந்தது.

இங்கே ஒரு சின்ன இடைவேளை.

எங்கள் ஓபியில் ஒரு அம்மா வருவார். மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் சிரங்கு. மருந்து எழுதுவேன், எப்படித் தடவுவது என்று சொல்வேன், துணிகளை வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைக்கச் சொல்வேன். தலையாட்டுவார். ஒன்றரை மாதம் கழித்து அதே மூன்று பிள்ளைகள், அதே சிரங்கு. ஒருநாள் கொஞ்சம் கடுப்பாகவே கேட்டுவிட்டேன், "சொன்னதைச் செய்யறீங்களா இல்லையா?" அவர் சொன்னார்: "தண்ணி வாரத்துக்கு ஒருநாள்தான் சார் வருது. ஏழு பேர் ஒரே ரூம்ல படுக்கறோம்."

அப்புறம் நான் என்ன பேச முடியும்? அதே மருந்தைத்தான் திரும்ப எழுதினேன்.

டாக்டர் சால்ட்டருக்கும் இதே அனுபவம்தான். காசநோய்க்காரரைப் பார்ப்பார், ஈரச்சுவர் வீட்டுக்கே திருப்பி அனுப்புவார். மருந்துச்சீட்டில் வீடு எழுதிக்கொடுக்க முடியாது, சாக்கடை எழுதிக்கொடுக்க முடியாது. அதெல்லாம் யார் கையில் இருக்கிறது? கவுன்சில் கையில். 1903-ல் லிபரல் கட்சி சார்பில் கவுன்சிலரானார். பிறகு லண்டன் கவுன்டி கவுன்சிலுக்கும் போனார்.

ஆனால் அரசியலில் முதலில் துணிந்து அடியெடுத்து வைத்தது மனைவிதான் என்பது என் கணக்கு. பெண்களுக்கு ஓட்டுரிமை தருவதில் லிபரல் கட்சி இழுத்தடிக்கிறது என்று 1906-லேயே எடா அந்தக் கட்சியை விட்டு வெளியேறி சுதந்திர லேபர் கட்சியில் சேர்ந்துவிட்டார். கணவர் லிபரல், மனைவி லேபர், ஒரே வீட்டில்! டாக்டர் 1908-ல்தான் மனைவி போன வழிக்கு வந்து சேர்ந்தார். வரலாற்றில் பொதுவாக இதைத் தலைகீழாகத்தான் எழுதுவார்கள்.

1907-ல் ஒரு சட்டம் வந்தது. பெண்கள் கவுன்சில் உறுப்பினராகலாம் என்று. 1909 நவம்பரில் எடா ஜெயித்து பெர்மண்ட்சி கவுன்சிலுக்குள் போனார். உள்ளே இருந்த ஒரே பெண் அவர்தான்.

ஒரு வேடிக்கை பாருங்க. அதே 1909-ல் பெர்மண்ட்சியில் நாடாளுமன்ற இடைத்தேர்தல். டாக்டர் சால்ட்டர் வேட்பாளர். அவர் தோற்றார், அது வேறு கதை. ஆனால் அவருடைய மனைவியால் அவருக்கு ஓட்டுப் போட முடியாது! ஊரின் சாக்கடைக்கும் விளக்குக்கும் முடிவெடுக்கும் கவுன்சிலராகலாம், நாடாளுமன்றத்துக்கு ஓட்டு கிடையாது. பிரிட்டனில் பெண்களுக்கு அந்த ஓட்டு 1918-ல்தான் வந்தது. அதுவும் முப்பது வயது தாண்டியவர்களுக்கு, நிபந்தனைகளோடு. ஆண்களுக்குச் சமமாக வந்தது 1928-ல்.

இனி வரப்போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

1902-ல் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஜாய்ஸ். ஒரே குழந்தை. பெயருக்கேற்ற மாதிரி தெருவே கொண்டாடிய பிள்ளை.

டாக்டர் தம்பதிக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது. தொற்றுநோய் சுற்றும் இந்தச் சேரியில் குழந்தையை வளர்ப்பதா? வேறு ஊரில் வீடெடுத்து, நல்ல பள்ளியில் சேர்த்து, வேலைக்கு மட்டும் இங்கே வந்து போவதா? இரண்டாவதைச் செய்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நம்மில் பலர் அதைத்தானே செய்கிறோம்? நானும்தான்.

அவர்கள் பெர்மண்ட்சியிலேயே இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போகும் கீட்டன்ஸ் ரோடு பள்ளிக்கே ஜாய்ஸும் போனாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத சலுகை தன் பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்தார்கள்.

1910 ஜூன். ஜாய்ஸ் ஸ்கார்லெட் ஃபீவரில் இறந்தாள். வயது எட்டு.

அது அவளுக்கு மூன்றாவது தடவை. "ஒருமுறை வந்தால் எதிர்ப்பு சக்தி வந்துவிடாதா டாக்டர்?" என்று கேட்பீர்கள். ஸ்கார்லெட் ஃபீவரை உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. தொண்டைப்புண், கடும் காய்ச்சல், உடம்பெல்லாம் மணல்காகிதம் போல சிவந்த தடிப்பு, ஸ்ட்ராபெரி பழம் போல நாக்கு. அந்தச் சிவப்பை உண்டாக்குவது பாக்டீரியா விடும் நச்சு. அந்த நச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட ரகங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் இன்னொன்றுக்கு வந்ததாக அர்த்தமில்லை. நெருக்கமாக வாழும் இடத்தில் எல்லா ரகமும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்றைக்கு பத்து நாள் பெனிசிலினோ அமாக்ஸிசிலினோ கொடுத்து அனுப்பிவிடுவோம். ஆனால் 1910-ல் என்ன இருந்தது? பெனிசிலினைக் கண்டுபிடித்தது 1928-ல். மக்கள் கைக்கு வந்தது 1940-களில். அதற்கு முன்பே வந்த சல்ஃபா மருந்துகூட 1930-களின் சமாச்சாரம். தங்கப்பதக்கம் வாங்கிய பாக்டீரியாலஜிஸ்ட், தன் பிள்ளையைக் கொல்லும் கிருமியைப் பற்றி நன்றாகவே தெரிந்த மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் செய்தது சரியா?

எனக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். வார்டிலிருந்து வீட்டுக்குப் போனதும் குளிக்காமல் அவளைத் தொட மாட்டேன். என் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவள் படிக்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு பக்கம், பெற்றவர்களின் கொள்கைக்குப் பிள்ளை விலை கொடுக்கலாமா என்று கோபம் வருகிறது. இன்னொரு பக்கம், அந்த வருடம் அந்தப் பகுதியில் ஜாய்ஸ் மட்டுமா இறந்தாள்? மற்ற பிள்ளைகளின் பெற்றவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. நாலைந்து நாளாக இதை யோசித்துவிட்டேன். முடிவு கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் தெரியும். அதற்கப்புறமும் அவர்கள் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. எடா அப்போது கவுன்சிலராகி ஏழு மாதம். வேறு குழந்தை அவர்களுக்கு இல்லை.

1911 ஆகஸ்ட். லண்டனே வெந்துகொண்டிருந்த கோடை. ஜாம், பிஸ்கட் ஃபேக்டரிப் பெண்கள் திடீரென்று வேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். சுமார் 14,000 பேர். முன்பு கிளப்பில் எடா கேட்டு வாங்கிக்கொண்டார் என்று சொன்னேனே, அப்படிப்பட்ட பெண்கள்தான். தொழிற்சங்கத் தலைவர் மேரி மக்கார்தர் பேச்சுவார்த்தைக்குப் போனார். எடா சோற்றுக்கு ஏற்பாடு செய்தார். வேலைநிறுத்தம் கோஷத்தால் தோற்பதில்லை, மூன்றாம் நாள் பசியால் தோற்கும். அதைத் தெரிந்து வைத்திருந்தவர் அவர். 21 கம்பெனிகளில் 18 கூலியை உயர்த்தின. மறுவருடம் துறைமுகத் தொழிலாளர் போராட்டத்திலும் அதே வேலை, அதே சமையல்.

1912-ல் கவுன்சிலர் பதவி கைவிட்டுப் போனது. 1914-ல் போர். இருவரும் குவேக்கர்கள், போரே கூடாது என்பவர்கள். ஊரெல்லாம் கொடி பிடித்தபோது இவர்கள் எதிர்த்து நின்றார்கள். போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று மறுத்துச் சிறைக்குப் போய், உடம்பு கெட்டு வெளியே வந்தவர்கள் தங்கித் தேற 1917-ல் கென்ட் பகுதியில் ஃபேர்பி கிரேஞ்ச் என்ற வீட்டையே வாங்கினார்கள். கெட்ட பெயர்தான் கிடைத்தது. போர் முடிந்ததும் அந்த வீட்டை பெர்மண்ட்சி கவுன்சிலுக்கே கொடுத்துவிட்டார்கள். பிரசவம் முடிந்த ஏழைத் தாய்மார் கொஞ்ச நாள் போய் ஓய்வெடுக்கும் இடமானது அது. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் துணி துவைக்க உட்காரும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

1919-ல் எடா மறுபடியும் கவுன்சிலர். 1920-ல் அவர் ஒரு குழு ஆரம்பித்தார். பெயரைக் கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்தது: "அழகுபடுத்தும் குழு".

வீடில்லை, வேலையில்லை, காசநோய். இதில் அழகு ஒரு கேடா? அன்றைக்கும் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டேன். முதலில் படித்தபோது இது ஏதோ பணக்கார வீட்டம்மா பூச்செடி வளர்க்கும் கதை என்று நினைத்துத் தாண்டிப்போகப் பார்த்தேன்.

அப்புறம்தான் விவரம் பார்த்தேன். 1930-களுக்குள் பெர்மண்ட்சி தெருக்களில் 9,000 மரங்கள். பயன்படாமல் கிடந்த சர்ச் கல்லறைத் திடல்கள் பூங்காக்களும் விளையாட்டு மைதானங்களும் ஆயின. ஃபேர்பி கிரேஞ்ச் தோட்டத்திலிருந்தே செடிகள் வந்து இறங்கின. யார் வீட்டு ஜன்னல் தொட்டியில் நல்ல பூ என்று போட்டி. பிஸ்கட் கம்பெனி முதலாளி ஒருவரின் நன்கொடையில் செயின்ட் ஜேம்ஸ் சர்ச் வளாகத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய சறுக்குமரம், 1921-ல். ஃபேக்டரிப் பெண்களின் வேலைநிறுத்தத்தில் எந்த முதலாளி வர்க்கத்தை எதிர்த்து நின்றாரோ, அந்த வர்க்கத்திடமே போய்ப் பிள்ளைகளுக்காகக் காசு வாங்க எடாவுக்குக் கூச்சம் இல்லை. உள்ளூர் அரசியலின் சூட்சுமம் தெரிந்தவர்.

ஒரு மரம் வைப்பது லேசில்லைங்க. எந்தத் தெரு அகலம், எங்கே கேஸ் குழாய் போகிறது, புகை படிந்தாலும் சாகாத மரம் எது, பிள்ளைகள் ஒடிக்காமல் யார் பார்ப்பது, பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் போடுவது. ஒவ்வொன்றும் ஒரு கமிட்டி மீட்டிங். நம் பகுதியில் வனத்துறை விழாவில் நட்ட கன்றுகளில் எத்தனை அடுத்த வருடம் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், 9,000 என்பதற்குள் எத்தனை மீட்டிங் இருந்திருக்கும் என்று புரியும்.

1922 நவம்பர். இந்த ஒரே மாதத்தில் பெர்மண்ட்சி கவுன்சிலை லேபர் கட்சி பிடித்தது, எடா மேயரானார், டாக்டர் எம்.பி. ஆனார். மேயர் என்றால் அங்கே சிவப்பு அங்கி, தங்கச் சங்கிலி எல்லாம் உண்டு. இரண்டும் வேண்டாம் என்றுவிட்டார் எடா. ஐம்பத்தாறு வயது.

(இங்கிலாந்தின் முதல் பெண் மேயர் இவர் இல்லை. அது எலிசபெத் காரெட் ஆண்டர்சன், ஆல்ட்பரோ என்ற சிறு நகரில், 1908-ல். அவர் ஒரு டாக்டர்! பிரிட்டனில் மருத்துவராகத் தகுதி பெற்ற முதல் பெண்களில் ஒருவர். அவரைப் பற்றித் தனிப்பதிவே போடலாம்.)

இப்போது நம்ம துறைக்கு வருவோம். பெர்மண்ட்சி கவுன்சிலின் பொது சுகாதார வேலைகள், ஒரு டாக்டராக எனக்குப் பொறாமை வரவைப்பவை.

காசநோய்க்கு அப்போது மருந்து இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1940-களில். இருந்த நம்பிக்கை வெயில், காற்று, சாப்பாடு. சுவிட்சர்லாந்து மலையில் லேசான் என்ற ஊரில் ரோலியர் என்ற டாக்டர் சூரிய ஒளி சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார். பணக்காரர்கள் போகும் இடம். பெர்மண்ட்சி கவுன்சில் தன் சேரி நோயாளிகளில் சிலரை அங்கே அனுப்பியது, கவுன்சில் செலவில்! எல்லாரையும் அனுப்ப முடியாது என்று தெரிந்ததும் 1926-ல் ஊரிலேயே புற ஊதா விளக்குகள் வைத்த சோலாரியம் ஒன்றைத் திறந்தார்கள். ஒரு நகராட்சி நடத்திய முதல் ஒளி சிகிச்சை நிலையம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தோலில், எலும்பில் வரும் காசநோய்க்கு இந்த ஒளி ஓரளவு உதவியது. தோல் காசநோய்க்கு ஒளி சிகிச்சை கண்டுபிடித்த ஃபின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசே கிடைத்தது. ரிக்கெட்ஸ் வந்து கால் வளைந்த பிள்ளைகளுக்கு நல்ல பலன், காரணம் வைட்டமின் டி. நுரையீரல் காசநோய்க்கு அது மருந்து ஆகாது. மாத்திரைகள் வந்த பிறகு மலைமேல் சானடோரியம் கட்டாயமில்லை, வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது நம் சென்னையில் நடந்து 1959-ல் வெளியான ஆய்வுதான். அது இன்னொரு நாள்.

அடுத்தது சினிமா. 1923-லிருந்து பெர்மண்ட்சி சுகாதாரத்துறை சொந்தமாகப் படம் எடுத்தது. மருத்துவ அதிகாரி டாக்டர் கானன், அலுவலர் புஷ், கேமராவுக்கு எக்ஸ்ரே பிரிவிலிருந்த லம்லி. நம்ம டிடிஹெச்எஸ் ஆபீஸில் சூப்பிரண்டும் எக்ஸ்ரே டெக்னீஷியனும் சேர்ந்து படம் எடுப்பதைக் கற்பனை பண்ணிப் பாருங்க! சாயங்காலம் ஒரு வேன் தெருமுனையில் வந்து நிற்கும். பின்பக்கம் திரை. தெருப்பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவார்கள். சோப்பு போட்டுக் குளிப்பதைப் பற்றி ஒரு படம். 1937-ல் "காலிக் கட்டில்" என்ற பொருளில் ஒரு படம், தொண்டை அடைப்பான் தடுப்பூசி போடச் சொல்லி. அந்தத் தலைப்பு ஒன்று போதும், பெற்றவர்கள் ஊசி போட வந்துவிடுவார்கள். பிரிட்டன் அரசு நாடு தழுவிய அளவில் தொண்டை அடைப்பான் தடுப்பூசிப் பிரசாரத்தை ஆரம்பித்ததே 1940-களின் தொடக்கத்தில்.

1936-ல் கிரேஞ்ச் ரோட்டில் சுகாதார மையம் திறந்தார்கள். காசநோய்ப் பிரிவு, ஒளி சிகிச்சை, பல், கால் நோய் வரைக்கும் ஒரே கூரையின் கீழ். நாட்டுக்கே இலவச மருத்துவம் என்ற என்ஹெச்எஸ் 1948-ல்தான் வந்தது. ஒரு சின்ன கவுன்சில் அதற்கு முன்பே அதன் மாதிரி ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டது.

இதெல்லாம் எடா ஒருவரே செய்ததில்லை. டாக்டர் சால்ட்டர், கானன், பெயர் தெரியாத எத்தனையோ கவுன்சிலர்கள். வீடு விஷயத்தில் அவர்கள் நினைத்ததில் பெரும்பகுதி நடக்கவும் இல்லை. சேரிகளை இடித்துவிட்டு ஊரையே தோட்ட நகரமாக்க ஆசைப்பட்டார்கள். வில்சன் குரோவ் என்ற இடத்தில் மட்டும் 1928 வாக்கில் முன்னும் பின்னும் தோட்டத்தோடு அழகான சின்ன வீடுகள் கட்ட முடிந்தது. ஐம்பத்துச் சொச்சம் வீடுகள்தான். அதற்குமேல் இடமும் பணமும் மேலிட அனுமதியும் ஒத்துழைக்கவில்லை. மாடிக் குடியிருப்புகளோடு சமாதானமாக வேண்டியிருந்தது. அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. மக்கள் குடியிருக்கிறார்கள்.

1925-லிருந்து எடா லண்டன் கவுன்டி கவுன்சில் உறுப்பினர். 1934-ல் ஹெர்பர்ட் மாரிசன் தலைமையில் லேபர் அந்தக் கவுன்சிலையும் பிடித்தது. பெர்மண்ட்சியில் செய்து பார்த்த பூங்கா வேலையை லண்டன் முழுக்கக் கொண்டுபோகும் வாய்ப்பு எடாவுக்கு வந்தது. நகரத்தைச் சுற்றிக் கட்டடம் எழும்பாமல் பசுமை வளையமாக நிலத்தைக் காக்கும் திட்டத்துக்கு அந்தக் கவுன்சில் 1935-ல் பணம் ஒதுக்கியது. 1936-ல் சௌத்வார்க் பார்க்கில் ஒரு ரோஜாத் தோட்டம். தாய்மார்களும் வயதானவர்களும் சும்மா உட்கார ஒரு இடம் வேண்டும் என்று எடா கேட்டு வாங்கியது. இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

"சும்மா உட்கார" என்ற வார்த்தையில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரும் பெண்கள் படிக்கட்டில், சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிடுவது ஞாபகம் வந்தது.

1940-ல் ஜெர்மன் குண்டுகள் வந்தபோது துறைமுகத்தை ஒட்டிய பெர்மண்ட்சி முதல் வரிசை இலக்கு. வயதாகிவிட்டது, வெளியூர் போங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். போகவில்லை. ஸ்டோர்க்ஸ் ரோட்டில் அவர்கள் வீடு குண்டில் நொறுங்கியது. எடாவின் உடம்பு அதற்கப்புறம் தேறவில்லை. 1942 டிசம்பர் 4 அன்று இறந்தார். டாக்டர் 1945 ஆகஸ்டில், போர் முடிந்த கையோடு போய்ச் சேர்ந்தார். அவர்கள் நட்ட மரங்களில் எத்தனையோ குண்டுவீச்சில் போயின.

டாக்டருக்குப் புத்தகம் எழுதினார்கள். சிலை வைத்தார்கள். எம்.பி. அல்லவா? எடா சும்மா கவுன்சிலர்தானே. தெருவிளக்கு, சாக்கடை, மரம். அந்த வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒழுங்காக நடந்தால் அதை யாரும் கவனிப்பதே இல்லை.

சிலை திருடு போனதும் உள்ளூர் மக்கள் பணம் திரட்ட ஆரம்பித்தார்கள். சௌத்வார்க் கவுன்சிலும் பணம் போட்டது. அப்போது அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: டாக்டரை மட்டும் திரும்பச் செய்தால் போதாது, அந்த அம்மாவையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அதே டயான் கார்வினே செய்தார். 2014 நவம்பரில் திறந்தார்கள். திருடன் வந்திராவிட்டால் எடா வந்திருக்க மாட்டார்!

டாக்டர் பழையபடி பெஞ்சில். ஜாய்ஸ் மதிலில் சாய்ந்து. பூனை சுவர் மேல். எடா கொஞ்சம் தள்ளி நிற்கிறார். கையில் மண்வெட்டி.

லண்டனில் இருக்கும் சொந்தங்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. ஜூபிலி லைன் ரயிலில் பெர்மண்ட்சி ஸ்டேஷனில் இறங்குங்கள். வெளியே வந்தால் ஜமைக்கா ரோடு, அவர்கள் ஆறு பென்னிக்கு வைத்தியம் பார்த்த ரோடு அதுதான். அங்கிருந்து ஆற்றை நோக்கி நடந்தால் பெர்மண்ட்சி வால் ஈஸ்ட். போகிற வழியில் வில்சன் குரோவ் வீடுகளையும் பார்த்துவிடலாம். சிலைகளை ஒரு ஃபோட்டோ எடுத்து கமென்ட்டில் போடுங்கள். முடிந்தால் வழியில் இருக்கும் பழைய மரம் ஏதாவது ஒன்றையும்.